போர்ச்சுகல் கடலோரத்தில் தம்பதியாகக் குடியேற: தாள்கள் முதல் பூஞ்சை வரை

போர்ச்சுகலின் தெற்குக் கரை முழுவதும் அல்கார்வ் பகுதி. மேற்கே லாகோஸ் தொடங்கி போர்டிமாவோ, ஃபாரோ, ஒல்யாவோ, தவீரா என்று ஊர்கள் அட்லாண்டிக்கை ஒட்டியே கிழக்கே ஸ்பெயின் எல்லை வரை போகின்றன. ஓய்வுபெற்ற தம்பதிகளும், வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் இளம் தம்பதிகளும் இங்கே வந்து குடியேறுகிறார்கள்.

விசா கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணி வருகிறவர்களை அலைக்கழிப்பவை இரண்டு. ஒன்று, இருவரில் ஒருவர் பெயரில் மட்டும் எடுத்த தாள்கள். மற்றொன்று, கோடையில் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்த வீடு டிசம்பரில் சுவரெல்லாம் கறுத்து நிற்பது. இரண்டையும் முன்கூட்டியே தடுக்கலாம்.

பெயரை ஊரிலேயே சரிசெய்யுங்கள்

தமிழர் பெயர் முறை ஐரோப்பிய அலுவலகங்களுக்குப் பிடிபடாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் படிவம் நிரப்பும் ஒவ்வோர் இடத்திலும் சிக்கும். ஒரு அலுவலகம் முழுப் பெயரையும் குடும்பப் பெயராகப் பதியும், இன்னொன்று அதை இரண்டாக வெட்டும். பிறகு வரி எண்ணும் வங்கிக் கணக்கும் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்க வேண்டிவரும். எனவே புறப்படுமுன் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, இரண்டு கட்டங்களிலும் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தாலும் சரி, கணவர் பெயரை வைத்தாலும் சரி. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. போர்ச்சுகீசியத் தம்பதிகளிலேயே பலருக்கு வெவ்வேறு பெயர்தான்.

முக்கியமானது, திருமணச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவது. சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரிவான பெயரும் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் முத்திரை வாங்கிவிடுங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ கொடுத்த சான்று போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும் பழைய கல்யாணங்கள் பல பதிவாகாமலே இருக்கின்றன. சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறை நற்சான்றுக்கும் அப்போஸ்டில் வேண்டும், ஆளுக்கு ஒன்று.

எந்த விசா, எவ்வளவு பணம்

பென்ஷன், வீட்டு வாடகை, வட்டி, டிவிடெண்ட் என்று உழைக்காமல் வரும் வருமானம் இருந்தால் டி7 விசா. வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்தபடி வேலை பார்ப்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டி8. சம்பளத்தை வைத்துக்கொண்டு டி7 கேட்பது மனு தள்ளுபடியாவதற்கு நிச்சயமான வழி.

கணக்கு போர்ச்சுகலின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வைத்துத்தான். 2026-ல் அது 920 யூரோ. டி7-க்கு முதல் ஆளுக்கு முழுத் தொகை, துணைக்குப் பாதி. ஆக மாதம் 1,380 யூரோ வருமானம் காட்ட வேண்டும். இதோடு ஓராண்டுக்கான தொகையை, அதாவது 16,560 யூரோவைச் சேமிப்பாகக் காட்டுவது நல்லது. டி8-க்கு முதல் ஆளிடமே நான்கு மடங்கு கேட்கிறார்கள், அதாவது மாதம் 3,680 யூரோ. இவை விசாவுக்கான கீழ்வரம்புகள். அல்கார்வில் இப்போதுள்ள வாடகைக்கு 1,380 யூரோவில் இருவர் குடித்தனம் நடத்துவது மிகவும் கடினம்.

கணவர் முன்னால் போய் வேலையில் அமர்ந்துகொண்டு மனைவியைப் பின்னால் அழைத்துக்கொள்வது வளைகுடா காலத்துப் பழக்கம். இங்கே அது கைகொடுக்காது. 2025 அக்டோபரில் வந்த சட்டத்திருத்தத்தின்படி, குடும்பத்தை வரவழைக்க முதல் ஆள் பொதுவாக 2 ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும். விலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒரே கோப்பாக விண்ணப்பித்து, இரண்டு விசாவோடு ஒரே விமானத்தில் வருவதுதான் பாதுகாப்பு.

கையில் வரும் விசா 4 மாதத்துக்குத்தான், அதற்குள் இரண்டு முறை நாட்டுக்குள் வரலாம். அதற்குள் ஐமா என்ற குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை கொடுத்து வதிவிட அட்டைக்குப் பதிய வேண்டும். 2023 அக்டோபர் 29 வரை இந்த வேலையை செஃப் என்ற அமைப்பு செய்தது. பழைய வழிகாட்டிகளில் செஃப் என்று வந்தால் ஐமா என்று படித்துக்கொள்ளுங்கள். முதல் அட்டை 2 ஆண்டு, புதுப்பித்தால் 3 ஆண்டு.

தாள்களின் சங்கிலி

இங்கே ஒரு தாளைக் காட்டினால்தான் அடுத்த தாள் கிடைக்கும். வரிசை தப்பினால் மாதக்கணக்கில் நிற்கும்.

முதலில் நிஃப், அதாவது 9 இலக்க வரி எண். சிம் கார்டு ஒப்பந்தம் முதல் வீட்டு ஒப்பந்தம் வரை எல்லாவற்றுக்கும் இதுதான். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வருமானம் இல்லாதவருக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவிலிருந்தே எடுக்கலாம். அதற்கு ஒரு வரிப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும், அல்லது மின்னணு அறிவிப்புகளை ஏற்றுக்கொள்வதாகப் பதிய வேண்டும். வரித்துறை இணையதளத்துக்கான கடவுச்சொல் கடிதமாகத் தபாலில்தான் வரும். எந்த முகவரிக்கு வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இதில் எல்லாரும் தடுக்கி விழும் ஒரு சொல் உண்டு. கூட்டுக் கணக்குக்கு 'கோன்ஜுன்டா' என்று டிக் அடித்தால் ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருக்கும்போது இன்னொருவர் வாடகை கட்ட முடியாமல் நிற்பார். நம் ஊர் 'இருவரில் எவரேனும்' கணக்கு வேண்டுமானால் 'சொலிதாரியா' என்று கேளுங்கள்.

மூன்றாவது வீட்டு ஒப்பந்தம். குறைந்தது 12 மாதம், இருவரும் வாடகைதாரர்களாகப் பெயர் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்டு. ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், பின்னால் ஐமாவிலும் சுகாதார நிலையத்திலும் மற்றவருக்கு முகவரிச் சான்று கிடையாது. கடலோர ஊர்களில் அக்டோபர் முதல் மே வரை மட்டும் வாடகைக்கு விட்டு, ஜூன் வந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காலி செய்யச் சொல்லும் ஒப்பந்தம் மலிவாகக் கிடைக்கும். விசாவுக்கு அது உதவாது, ஜூலையில் தெருவில் நிற்கவும் நேரும். ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை முதலில் படியுங்கள்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிந்து, ஒரு மாத வாடகையில் 10 விழுக்காட்டை முத்திரை வரியாகக் கட்ட வேண்டும். அந்தப் பதிவின் நகலையும் மாதாமாதம் வாடகை ரசீதையும் கேட்டு வாங்குங்கள். பதியாமல் விட்டால் வாடகையில் குறைத்துக்கொள்கிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அந்த வீட்டில் நீங்கள் வசிப்பதற்கு எந்த ஆதாரமும் இருக்காது. சட்டப்படி முன்வாடகை 2 மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, வைப்புத்தொகையும் 2 மாத வாடகைக்குள். உள்ளூரில் ஜாமீன் நிற்க ஆளில்லாத வெளிநாட்டவரிடம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு, எந்தெந்த மாதத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

வந்து இறங்கிய முதல் வாரத்தில் வரித்துறையில் இருவர் முகவரியையும் இந்தியாவிலிருந்து போர்ச்சுகலுக்கு மாற்றுங்கள். அடுத்து உங்கள் பகுதியின் ஜுன்டா டி ஃப்ரெகெசியா, அதாவது உள்ளூராட்சி அலுவலகம். நம் கிராம நிர்வாக அலுவலர் தருவதுபோல ஒரு வசிப்பிடச் சான்றை, 'அடெஸ்டாடோ டி ரெசிடென்சியா'வை, இவர்கள் தருவார்கள். சில ஊர்களில் ஒப்பந்தம் காட்டினால் போதும். சில ஊர்களில் அந்தப் பகுதி வாக்காளர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், எனவே பக்கத்து வீட்டாரிடமும் தெருமுனை காபிக்கடையிலும் முதல் நாளிலிருந்தே முகம் கொடுத்துப் பழகுங்கள்.

மின் இணைப்பு ஒப்பந்தத்தில் ஒரு பெயர்தான் வரும். அதனால் கரண்டை ஒருவர் பெயரிலும் தண்ணீரை மற்றவர் பெயரிலும் எடுங்கள். இருவருக்கும் தனித்தனி முகவரிச் சான்று கிடைத்துவிடும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டைப் பலர் செய்வதில்லை.

தபால் பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்கி அட்டை, வரித்துறைக் கடிதம், வதிவிட அட்டை எல்லாம் தபாலில்தான். பெட்டியின் மேல் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒட்டுங்கள். முகவரியில் '2.º Esq.' என்று வரும் பகுதியைத் தவறவிடாதீர்கள், இரண்டாம் மாடி இடப்பக்க வீடு என்று பொருள். 'Dto.' என்றால் வலப்பக்கம். இதை விட்டுவிட்டால் கடிதம் திரும்பிப் போகும். பதிவுத் தபால் வரும்போது ஆள் இல்லையென்றால் ஒரு சீட்டை விட்டுச் செல்வார்கள். அதில் உள்ள தேதிக்குள் தபால் நிலையம் போய் வாங்காவிட்டால் அதுவும் திரும்பிவிடும்.

வதிவிட அட்டை வந்ததும் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் 'உடெண்ட்' எண் வாங்குங்கள், இதுவும் ஆளுக்கு ஒன்று. அரசு மருத்துவம் இந்த எண்ணில்தான் நடக்கும். உடம்புக்கு ஏதேனும் என்றால் முதலில் 808 24 24 24 என்ற எண்ணை அழைத்தால் எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. முகவரி மாறினால் 60 நாளுக்குள் ஐமாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து 6 மாதமோ, அட்டை செல்லும் காலத்தில் மொத்தம் 8 மாதமோ நாட்டைவிட்டு வெளியே இருந்தால் அட்டையே போகக்கூடும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போகும் தம்பதிகள் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு: தெற்கு ஜன்னலும் உலர்ந்த சுவரும்

வீடு பார்க்கச் சரியான மாதம் ஜனவரி. ஆகஸ்டில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். முடிந்தால் முதலில் குளிர்காலத்தில் இரண்டு வாரம் வந்து தங்குங்கள். ஊரின் நிலவரமும் அப்போதுதான் தெரியும். அல்புஃபெய்ராவின் சுற்றுலாக் குடியிருப்புகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும், இரவில் எதிர்வீட்டில் விளக்கு எரியாது. பல்கலைக்கழகமும் அரசு மருத்துவமனையும் விமான நிலையமும் உள்ள ஃபாரோ, மீன்பிடி ஊரான ஒல்யாவோ, மருத்துவமனை உள்ள போர்டிமாவோ, அளவான தவீரா ஆகியவை ஆண்டு முழுக்க உயிரோடு இருக்கும். லாகோஸிலிருந்து எல்லை ஊரான விலா ரியல் டி சாண்டோ அன்டோனியோ வரை ரயிலும் உண்டு. கார் வாங்காத தம்பதி ரயில் நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் வீடு பார்க்கலாம்.

வாஸ்து பார்த்து வடக்கு நோக்கிய வீட்டைத் தேடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தப் பகுதி ஏறத்தாழ 37 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்வாகவே போகும். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள வீட்டுக்குள் நவம்பரிலிருந்து வெயிலே விழாது. வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் இருக்கட்டும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தெற்கு ஜன்னல் இருக்கிறதா என்று கைபேசித் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். வேறு எந்த வசதியைவிடவும் இதற்காகக் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

இங்கே பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி கிடையாது, சுவரில் வெப்பத்தடுப்பும் கிடையாது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. வெளியே 16 பாகை செல்சியஸ் வெயில் அடிக்கும்போதும் உள்ளே அதைவிடக் குளிரும். விளம்பரத்தில் ஆற்றல் தரச்சான்று எழுத்து கட்டாயம் இருக்கும், A+ முதல் F வரை. E, F என்றால் குளிர்காலத்தில் மின்கட்டணம் எகிறும். வீட்டைப் பார்க்கப் போகும்போது அலமாரிக்குப் பின்னால், படுக்கைக்குப் பின்னால், கழிவறைக் கூரை மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் அறையில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் காரணம் கேளுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது

மூன்று வகை ஈரம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பெயின்ட் உரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மழை பெய்த மறுநாள் ஒரு திட்டு பெரிதாகி, வெயில் அடித்தால் சிறிதானால் கூரையோ வெளிச்சுவரோ ஒழுகுகிறது. இந்த இரண்டையும் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. படம் எடுத்துத் தேதியோடு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். மூலைகளிலும் மரச்சாமான்களின் பின்னாலும் கறுப்புப் புள்ளிகளாக வந்தால், அது உங்கள் வீட்டுக் காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் வியர்ப்பது.

எது என்று சந்தேகமா? ஒரு அடிக்கு ஒரு அடி அலுமினியத் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி 2 நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம். தாளைப் பிரித்தால் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவர் வழியாக வருகிறது. வீட்டுக்காரரோடு பேசும்போது இதைப் படம் எடுத்துக் காட்டுவது நூறு வாக்குவாதத்துக்குச் சமம்.

சுவர் வியர்ப்பதன் கணக்கு இதுதான். அறையில் 20 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 14 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். வெப்பத்தடுப்பில்லாத வடக்குச் சுவர் ஜனவரியில் எளிதாக 14-க்குக் கீழே போகும். அதே அறையில் ஈரப்பதத்தை 50-க்குக் கொண்டுவந்தால் சுவர் 9 பாகையாகும் வரை வியர்க்காது. எனவே முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. குறி: 50 முதல் 60 வரை.

நம் சமையல் ஆவி மிகுந்தது. இட்லிப் பானை, சாதம், ரசம், குக்கர் விசில் எல்லாம் சுவருக்குத்தான் போய்ச் சேரும். சமைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, ஆவி உறிஞ்சியைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். குளித்ததும் குளியலறை ஜன்னலைத் திறந்து கதவைச் சாத்துங்கள். துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதுதான் பெரிய குற்றவாளி. வேறு வழியில்லை என்றால் சிறிய அறை ஒன்றில் துணியையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

அந்த இயந்திரத்துக்கு இங்கே 'டெசுமிடிஃபிகாடோர்' என்று பெயர். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நாளுக்கு 20 லிட்டர் திறன், கம்ப்ரஸர் வகை. அறை 15 பாகைக்கு மேல் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், அதற்குக் கீழே திறன் சட்டென்று குறையும். சூடே செய்யாத வீட்டுக்கு கம்ப்ரஸர் இல்லாத டெசிகன்ட் வகை நல்லது, மின்சாரம் கூடுதலாக இழுக்கும், கொஞ்சம் சூடும் தரும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 20 லிட்டர் வெம்மையான, ஈரம் மிகுந்த சோதனை அறையில் அளந்தது. உங்கள் வீட்டில் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும், இயந்திரம் பழுது என்று நினைக்காதீர்கள். இயந்திரம் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் கடற்காற்றைத்தான் உலர்த்திக்கொண்டிருப்பீர்கள். வெளியே உலர்ந்த வெயில் அடிக்கும் நண்பகலில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை மாற்றி, மூடி, பிறகு இயந்திரத்தைப் போடுங்கள்.

அலமாரிகளைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். வெளிச்சுவரில் ஒட்டி வைக்கவே வேண்டாம். வந்துவிட்ட பூஞ்சைக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் தெளிப்பானை அடித்து, கால்மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை வேண்டும். வினிகரையோ ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையோ இதோடு சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். துடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் ஒரு மாதத்தில் திரும்பி வரும்.

பட்டுச்சேலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உள்ளேயே புழுங்கிப் புள்ளி விழும், ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, உள்சுவரை ஒட்டிய அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை உலர்ந்த நாளில் எடுத்து மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். சிலிக்கா ஜெல் பைகள் போடலாம். சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைச் சேலைக்கு மேல்தட்டில் வைக்காதீர்கள். அதில் சேரும் கால்சியம் குளோரைடு நீர் ஒருமுறை கொட்டினால் துணியிலிருந்து போகாது.

கரண்ட், காஸ், கிரைண்டர்

மின்சார ஒப்பந்தத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு உண்டு. முன்பு குடியிருந்தவர் 3.45 கேவிஏ வைத்திருந்தால், 2 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்பும் 2 கிலோவாட் கெட்டிலும் சேர்ந்ததும் வீடே இருண்டுவிடும். ஃப்யூஸ் போயிற்று என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம், அளவை உயர்த்தக் கேளுங்கள். மின்சாரத்தில் சமைத்துச் சூடேற்றும் இருவர் குடித்தனத்துக்கு 6.9 கேவிஏ போதும்.

இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸியும் கிரைண்டரும் அப்படியே ஓடும், பிளக்குதான் சேராது. மலிவு அடாப்டரில் கிரைண்டரைப் போட்டால் சூடேறி உருகும், எர்த்தும் கிடைக்காது. இரண்டு உருண்டை முள்ளும் பக்கவாட்டில் எர்த் தகடும் உள்ள ஐரோப்பிய பிளக்கை வாங்கி, வயரை வெட்டி நிரந்தரமாகப் பொருத்துங்கள். பழைய வீட்டில் எர்த் இல்லாத சாக்கெட்டும் இருக்கும். எவர்சில்வர் உடல் கிரைண்டரை ஈரக்கையோடு அதில் ஓட்டவே கூடாது.

வெந்நீருக்குப் பல வீடுகளில் சமையலறையிலேயே காஸ் கீஸர். குளிர் உள்ளே வருகிறது என்று சுவரில் உள்ள காற்றுத் துளையைத் துணி வைத்து அடைப்பவர்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிர் போகும். அந்தத் துளை திறந்தே இருக்க வேண்டும். சிலிண்டர் ரப்பர் குழாயில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், குடி வந்த அன்றே பாருங்கள்.

குளிர்காலத்தில் இட்லி மாவு 15 பாகையில் அசையாது. ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவைப் பாத்திரத்தோடு வைத்தால் 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கும். புழுங்கல் அரிசி கடைகளில் 'அரோஸ் வாபோரிசாடோ' என்ற பெயரில் கிடைக்கும். கொத்தமல்லித்தழை இங்கத்திய சமையலிலேயே உண்டு, எந்தச் சந்தையிலும் கிடைக்கும். உளுந்து, பெருங்காயம் வகையறாவுக்கு லிஸ்பனின் மார்ட்டிம் மொனிஸ் பகுதிக் கடைகள்.

பெட்டியில் நெய், பால்கோவா, கறி ஊறுகாய் கொண்டுவர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சிக்கும் பால்பொருளுக்கும் பயணிகளுக்குத் தடை. கருவாட்டுக்குத் தடையில்லை, ஆளுக்கு 20 கிலோ வரை மீன் பொருள் கொண்டுவரலாம். பழங்களில் தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன் தவிர மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். மாம்பழப் பெட்டி விமான நிலையத்திலேயே போய்விடும்.

மீனும் கடலும்

மீனுக்கு ஊர்ச் சந்தைக்குக் காலையில் போங்கள். திங்கட்கிழமை பல இடங்களில் மீன்கடை இருக்காது, ஞாயிறன்று படகுகள் போவதில்லை. நம் மத்தியின் உறவு 'சார்டின்யா', ஜூன் முதல் செப்டம்பர் வரை கொழுத்திருக்கும். 'கவாலா' குழம்புக்கு ஏற்றது, கானாங்கெளுத்தி வாகு. 'அமன்யார்' என்று சொன்னால் சுத்தம் செய்து தருவார்கள். தலை வேண்டும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கரையில் கிடக்கிறதே என்று மட்டியை நீங்களே பொறுக்கிச் சமைக்காதீர்கள். கடல் நுண்பாசிகளின் நச்சு மட்டியில் ஏறிய காலத்தில் இப்மா என்ற அரசு நிறுவனம் பகுதிவாரியாகத் தடை அறிவிக்கும். அந்த நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. சந்தையில் வாங்குவது சோதித்தது.

கோடையிலும் இந்தக் கடல் நம் வங்கக் கடலைவிடக் குளிர். பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் நீந்தக்கூடாது, காலை நனைக்கலாம், சிவப்பு என்றால் தண்ணீருக்கே போகக்கூடாது. கட்டம் போட்ட கொடி என்றால் காவலர் தற்காலிகமாக இல்லை. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். மேற்கு அல்கார்வின் மஞ்சள் பாறைச் சுவர்களின் நிழல் இதமாகத்தான் இருக்கும். 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். பாறையின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி உட்காருங்கள், பத்து மீட்டர் பாறைக்குப் பதினைந்து மீட்டர்.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஏசியின் வெளி யூனிட், சைக்கிள் சங்கிலி, கதவுக் கீல் ஆகியவற்றை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தி, கீலுக்கும் சங்கிலிக்கும் எண்ணெய் போடுங்கள். பால்கனிக்கு ஸ்க்ரூ, கொக்கி வாங்கும்போது 316 ரக எவர்சில்வர் கேளுங்கள். 304 ரகம் கடலோரத்தில் பழுப்பேறும்.

வரியும் மொழியும்

ஆண்டில் 183 நாளுக்கு மேல் இருந்தால் போர்ச்சுகலில் வரி கட்ட வேண்டிய குடியிருப்பாளராகிவிடுவீர்கள், இந்திய பென்ஷனும் வாடகையும் கணக்கில் காட்ட வேண்டும். கணக்குத் தாக்கல் ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை. பத்தாண்டு வரிச்சலுகை என்று இன்னும் விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள், அந்தப் பழைய திட்டம் புதிதாக வருபவர்களுக்கு 2024 தொடக்கத்தில் மூடப்பட்டது. இந்தியாவுக்கும் போர்ச்சுகலுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு, ஊரில் கட்டிய வரியின் சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள். இந்திய வங்கிக்குச் சொல்லிச் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவதும் கட்டாயம்.

போர்ச்சுகீசியம் கற்க அரசே இலவச வகுப்பு நடத்துகிறது, 'போர்துகேஸ் லிங்குவா டி அகோலிமென்டோ' என்று பெயர். வேலைவாய்ப்பு மையங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் மாலை நேரத்தில் நடக்கும், இடங்கள் சீக்கிரம் நிரம்பும். அங்கே பெறும் ஏ2 என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் 5 ஆண்டுக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்குச் செல்லும், தனித் தேர்வு எழுத வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர் மட்டும் படித்தால் போதும் என்று விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்தான் சந்தைக்கும் மருந்துக்கடைக்கும் தபால் நிலையத்துக்கும் தினம் போகிறார். அவருக்கும் தனி அட்டை, தனிச் சான்றிதழ். இருவர் பெயரையும் ஒரே நாளில் பதிந்துவிடுங்கள்.